எலக்ட்ரிக் கிட்டாரை லேப்டாப்பில் செருகினால் கிட்டார் சத்தம் பதிவாகவில்லை, உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். என்னிடம் எலக்ட்ரிக் கிட்டார் இருக்கிறது, ஆம்ப் இல்லை. ராத்திரி வாசிப்பதைப் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். கிட்டார் கேபிளின் பெரிய பின்னுக்கு 3.5 மி.மீ. கன்வெர்ட்டர் போட்டு லேப்டாப்பில் செருகினேன். ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து அதில் ஒரே துளைதான். ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் ஏதோ பதிவாகிறது, ஆனால் தகரத்தைத் தட்டுவது போல இருக்கிறது. ஃபேன் சத்தமும் சேர்ந்து வருகிறது. கிட்டாரின் வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் அதே அளவில்தான் பதிவாகிறது. கேபிள் புதுசு.

பதில்:
ஆடியோ டிரைவரை அப்டேட் செய்து பாருங்கள் ப்ரோ.

பதில்:
டிரைவரை விடுங்கள். வால்யூமைக் குறைத்தாலும் மாறவில்லை என்றீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. பதிவாவது லேப்டாப்பின் உள் மைக். கம்பி அதிரும் சத்தத்தைக் காற்று வழியாக அது பிடிக்கிறது.

ஹெட்செட் பின்னைப் பாருங்கள், மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கும். இடது, வலது, எர்த், மைக் என நான்கு தொடர்புகள். உங்கள் கன்வெர்ட்டரில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதைச் செருகினால் மைக்குக்கான தொடர்பு எர்த்தோடு சேர்ந்துவிடும். லேப்டாப், 'வெறும் ஹெட்போன்தான்' என்று நினைத்து உள் மைக்கையே வைத்துக்கொள்ளும். கிட்டார் சிக்னல் போய்ச் சேர்வது ஹெட்போனுக்கு ஒலி வெளியே வரும் பக்கம்.

கேட்டவர்:
அப்படியென்றால் மைக், ஹெட்போன் என்று பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் போட்டால் போதுமா?

பதில்:
போட்டால் சத்தம் வரும், ஆனால் திருப்தியாக இருக்காது. கிட்டார் பிக்கப்புக்கு (கம்பி அதிர்வை மின் சிக்னலாக்கும் பகுதி) சுமார் 1 மெகா ஓம் இம்பீடன்ஸ், அதாவது மின்தடை, உள்ள இன்புட் வேண்டும். லேப்டாப் மைக் இன்புட்டில் இருப்பது சில கிலோ ஓம்தான். அதில் கொடுத்தால் மேல் சுரங்களின் பளபளப்பு போய், கம்பளி போர்த்தி வாசித்த மாதிரி ஆகிவிடும். யோசனையைச் சோதிக்க ஸ்ப்ளிட்டர் சரி. தொடர்ந்து பதிவு செய்யப்போகிறீர்கள் என்றால் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ்தான் வழி, அதாவது கிட்டார் சிக்னலை வாங்கி லேப்டாப்புக்கு அனுப்பும் சின்னப் பெட்டி. ஸ்கார்லெட் சோலோ போன்ற சின்னது போதும். கிட்டார் போன்ற கருவிகளுக்கான 'இன்ஸ்ட்' பட்டனை அழுத்த மறக்காதீர்கள். 48 வோல்ட் பட்டன் கண்டென்சர் மைக்குக்கு, கிட்டாருக்குத் தேவையில்லை.

பதில்:
ஒன்று சேர்க்கிறேன். பிற்பாடு ஆம்ப் வாங்கினால் அதன் ஸ்பீக்கர் அவுட்டை இன்டர்ஃபேஸில் கொடுத்துவிடாதீர்கள், கருகிவிடும். யூஎஸ்பி உள்ள ஆம்ப் என்றால் இன்டர்ஃபேஸே வேண்டாம். பாஸ் (Boss) நிறுவனத்தின் கடானா ஆம்ப்கள் பலவற்றில் அந்த வசதி உண்டு.

கேட்டவர்:
நண்பனிடம் இன்டர்ஃபேஸ் இரவல் வாங்கிவிட்டேன். இப்போது கிட்டார் சத்தமேதான்! ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில், ஆம்ப் சத்தத்தைத் தரும் ப்ளகின் போட்டு வாசிக்கிறேன். ஆனால் மீட்டிய பிறகு கொஞ்சம் தாமதித்தே காதில் விழுகிறது. தாளம் பிடிக்கவே முடியவில்லை. சார்ஜர் செருகியிருந்தால் ஒரு இரைச்சல் வேறு.

பதில்:
ரீப்பரின் ஆடியோ டிவைஸ் அமைப்பில் ஏஸியோவை (ASIO, தாமதத்தைக் குறைக்கும் டிரைவர் வகை) தேர்ந்தெடுங்கள். டிரைவரை இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள். அப்புறம் பஃபரை, அதாவது ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் சாம்பிள் எண்ணிக்கையை, 128 ஆக வையுங்கள். விநாடிக்கு 48,000 சாம்பிள் வேகத்தில் 128 என்றால் ஒரு பக்கத்துக்கு 2.7 மில்லி விநாடி. 1024 என்றால் 21. போக, வர இரண்டும் சேரும்போது 1024-இல் கை தடுமாறத்தான் செய்யும். 128-இல் சத்தம் படபடவென்று வெடித்தால் 256-க்கு ஏற்றுங்கள். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் (கிட்டார் சத்தத்தை லேப்டாப்புக்குப் போகாமல் நேரே காதுக்குத் தரும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ப்ளகின் சத்தத்தோடு வெறும் கிட்டார் சத்தமும் சேர்ந்து இரட்டையாகக் கேட்கும்.

இரைச்சலுக்கு: சார்ஜரைக் கழற்றியதும் நிற்கிறது என்றால் பேட்டரியில் பதிவு செய்யுங்கள், அதுதான் செலவில்லாத வழி. அப்போதும் மிச்சம் இருந்தால், சிங்கிள் காயில் பிக்கப்பாக இருக்கலாம், ஒற்றைச் சுருள் கொண்ட அது சுற்றியுள்ள மின் இரைச்சலையும் பிடிக்கும். நாற்காலியோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் இரைச்சல் நன்றாகக் குறையும், அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்து வாசிக்க வேண்டியதுதான்.

கேட்டவர்:
ஏஸியோ, 128 போட்டதும் தாமதம் தெரியவில்லை. சார்ஜரைக் கழற்றினால் பாதி இரைச்சல் போய்விட்டது. ஜன்னல் பக்கம் திரும்பினால் மீதியும் அநேகமாக இல்லை. நன்றி அண்ணா. இன்டர்ஃபேஸை நண்பனிடம் திருப்பிக் கொடுப்பதுதான் இப்போது கஷ்டம்.