'சிக்னல் விழுந்துச்சு'ன்னா நிக்கணுமா, போகணுமா?

கொருக்குப்பேட்டையான்:
நேத்து மூலக்கடை கிட்ட பொண்ணு ஸ்கூட்டி ஓட்டுறா, நான் பின்னாடி. முன்னாடி போன கன்டெய்னர் லாரி வெளக்கை மறைக்குது. எட்டிப் பார்த்தேன், செவப்பு. "சிக்னல் விழுந்துடுச்சும்மா"ன்னேன். முறுக்கிட்டா! மாதவரம் பக்கமிருந்து வந்த தண்ணி லாரி பிரேக் அடிச்சதால பொழச்சோம். கை இன்னும் நடுங்குது. கேட்டா, "விழுந்துச்சுன்னா கெளம்புன்னு தாத்தா சொல்வாரே"ங்கிறா. எனக்கு விழுந்தா நில்லு. உங்களுக்கு?

பெரம்பூர் பெரியவர்:
தம்பி, பொண்ணு சொன்னதுதான் சரி. ரயில்வேல காலம் தள்ளினவன் நான். பழைய கைகாட்டி மரத்துல, அதான் தண்டவாளத்தோரம் கம்பத்துல இருந்த ரயில் சிக்னல்ல, கை நேரா நீட்டியிருந்தா நில்லு, கீழ விழுந்தா போ. கையை இயக்குற கம்பி அறுந்துட்டாகூட எடைக்கல்லு இழுத்து கை மறுபடி நேரா நின்னுடும், வண்டி நிக்கும். ராயபுரத்துல 1856லயே ரயில் வந்துடுச்சு. ரோட்டு சிக்னலே ரயில்வே கொடுத்ததுதான்: 1868ல லண்டன்ல மொதமொத வெச்சது ரயில்வே சிக்னல் இன்ஜினியர். சொல்லைக் கொடுத்தவன் அர்த்தத்தை மாத்தக் கூடாது.

ஷேர் ஆட்டோ 23:
ஐயா, கோச்சுக்காதீங்க. மேல தூக்கினா போன்னு இருக்கிற கைகாட்டியும் உங்க ரயில்வேலதானே இருந்துச்சு? அதுக்கு எதை வெச்சு 'விழுந்துச்சு'ன்னு சொல்வீங்க? தண்டையார்பேட்டைல எந்த டிரைவரை வேணா கேளுங்க. "சிக்னல் விழப்போவுது, சீக்கிரம் தாண்டு"ம்பான். தெனம் ரோட்டுல உசுரை வெச்சு ஓட்டுறவன் பேச்சுக்குத்தான் மதிப்பு.

பெரம்பூர் பெரியவர்:
எல்லாரும் சொல்றதாலயே சரியாயிடுமா? பேப்பர்லயே "பச்சை சிக்னல் விழுந்ததும் புறப்பட்டன"ன்னு எழுதுறான்.

ஷேர் ஆட்டோ 23:
பச்சைன்னு சேர்த்து எழுதுறான்ல? வெறுமனே விழுந்துச்சுன்னா நில்லுதான். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை நெனச்சுப் பாருங்க. கை விழுந்தா ரயிலுக்குப் போ, கேட்டாண்ட சைக்கிளோட நிக்கிற எங்க நைனாவுக்கு நில்லு. நாங்க கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு கத்துக்கிட்ட பேச்சு இது.

பெரம்பூர் பெரியவர்:
அது நெஜம். கேட்டைப் பூட்டாம கை விழாது. இத்தனை வருஷத்துல கேட்டுக்கு வெளிய நிக்கிறவனா நான் யோசிச்சதே இல்ல. ஆனாலும் என் வாய்ல விழுந்தா போதான் தம்பி.

கொருக்குப்பேட்டையான்:
ஐயா, மாமனார்கிட்டயும் பேசிட்டேன். இனிமே வண்டியில ஒக்காந்தா செவப்பு, பச்சை மட்டும்தான். காலையில டியூஷனுக்குப் போறப்ப தாத்தாவே பின்னாடி ஒக்காந்து "செவப்பும்மா, செவப்பு"ன்னு சொல்லிட்டே போனாரு.