துறையில் கட்டிய வள்ளத்தில் எஞ்சினை ஓட விடலாமா?

தென்னங்காணி
பூநகரிப் பக்கம், கடல்நீரேரிக் கரையில் எங்கள் வீடு. இறங்குதுறைக்கும் எங்கள் வேலிக்கும் இடையில் நாற்பது அடி கூட இல்லை. இருபத்திரண்டு வள்ளங்கள் கட்டிக் கிடக்கும். அதில் பதினொன்றுக்கு அவுட்போட் எஞ்சின். விடியப்புறம் மூன்று மணிக்கு முதல் ஆள் கயிறு இழுப்பார். நாலு தரம் இழுத்த பிறகு பிடிக்கும். பிடித்ததும் புறப்பட்டுப் போனால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். கட்டியபடியே கால் மணித்தியாலம் ஓடும். அவர் போக முதல் அடுத்தவர் தொடங்குவார். மூன்றரைக்கு ஐந்து எஞ்சின் ஒன்றாக நின்று உறுமும்.

அப்பாவுக்கு 78 வயது. இரவு முழுக்கப் புரண்டு படுத்து, இரண்டு மணிக்குப் பிறகுதான் கண்ணயர்வார். மூன்று மணிக்கு எழும்பிக் கட்டிலில் குந்தியிருப்பார். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

நான் கடற்றொழிலாளர் சங்கத்தில் வைத்த யோசனை இதுதான்: துறையிலிருந்து 200 மீற்றர் தள்ளி ஒரு முளை அடிப்போம். இரவு 8 மணி தொடக்கம் விடிய 5 மணி வரை முளைக்கு உள்ளே எஞ்சின் வேண்டாம், கம்பு ஊன்றிப் போவோம், வருவோம். அந்த இடத்தில் தண்ணீர் இடுப்பளவுதான். கூட்டத்தில் பாதிப் பேர் எழும்பிச் சத்தம் போட்டார்கள். பேச்சு முடியவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

மூன்றுமணி வலை
அண்ணை, அந்தப் பதினொன்றில் ஒன்று என்னுடையது. நேரே சொல்கிறேன், நான் இதற்குச் சம்மதம் இல்லை.

பின்னேரம் நண்டு வலையை விட்டுவிட்டு வருகிறோம். வெயில் ஏற முதல் அதைத் தூக்க வேண்டும். தூக்கி, ஒவ்வொரு நண்டாகக் கால் முறியாமல் கழற்ற வேண்டும். ஒரு கால் முறிந்தாலும் நிறுக்கிற இடத்தில் அதைத் தனியாகப் போட்டுவிடுவான். ஏழு மணிக்கு லொறி. உயிர் நண்டுக்கு ஒரு விலை, செத்ததற்கு வேறு விலை. மூன்று மணிக்குப் போவது ஆசைக்கு இல்லை.

இன்னொன்று. நீங்கள் காணி வாங்கி வீடு கட்டியது யுத்தம் முடிந்து மீள்குடியேற்றத்துக்குப் பிறகு. என் அப்பப்பா வள்ளம் கட்டிய துறை அது. துறைக்குப் பக்கத்தில் வந்து குடியிருந்துகொண்டு துறையின் சத்தம் கூடாது என்பது எனக்கு விளங்கவில்லை.

நொட்டிங்காமில் ஒரு பூநகரியான்
தம்பி சொல்வது நியாயம்தான். ஆனால் இங்கே நான் பார்க்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடுகிறது. ஒடுக்கமான நீளப் படகுகள், ஆட்கள் குடும்பமாக அதிலேயே குடியிருக்கிறார்கள். ஓடுகிற வேகம் மணிக்கு 4 மைலுக்கு மேல் கூடாது. அதோடு, கட்டிக் கிடக்கிற படகில் இரவு 8 மணிக்குப் பிறகு காலை 8 மணி வரை எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓட விடக்கூடாது என்று ஒழுங்கு இருக்கிறது. பற்றரி சார்ஜ் பண்ண எஞ்சினை ஓட விடுவார்கள், அதற்காக வந்த ஒழுங்கு. மற்றப் படகுகளும் வீடுகளும் இல்லாத தனியிடத்தில் கட்டியிருந்தால் அது பொருந்தாது.

கவனித்தால், ஓடிப் போகிற படகைப் பற்றி அந்த ஒழுங்கு பேசவில்லை. நிற்கிற படகைப் பற்றித்தான் பேசுகிறது.

மூன்றுமணி வலை
அங்கே படகில் குடியிருக்கிறார்கள், அண்ணை. நாங்கள் படகில் உழைக்கிறோம். கால்வாயில் சோளகக் காற்று அடிக்காது. வைகாசியில் இருந்து ஆவணி வரை இங்கே வந்து நின்று பாருங்கள். வலையும் கல்லும் மிதப்பும் ஏற்றின வள்ளத்தை, எதிர்க்காற்றில், இருட்டில், 200 மீற்றர் கம்பு ஊன்றி என்னால் தள்ள முடியும். எனக்கு 34 வயது. பக்கத்து வள்ளத்துக் கந்தப்புவுக்கு 66. அவர் தனியாள்.

இரணைமடுக் கட்டு
எங்கள் இரணைமடுக் குளத்தில் எஞ்சினே இல்லை. துடுப்புத்தான். இரண்டு பேர் ஏறிப்போய் வலை விடுகிறோம், விடிய எடுக்கிறோம். வடமாகாணத்திலேயே பெரிய குளம் அது. முடியாது என்று இல்லை.

மூன்றுமணி வலை
குளத்தில் வற்றுப்பெருக்கு இல்லை, நீரோட்டமும் இல்லை, அண்ணை. நீங்கள் யப்பான் மீன் பிடிக்கிற தூரமும் நாங்கள் நண்டுக்குப் போகிற தூரமும் ஒன்றா? மண்ணெண்ணெய் இல்லாமல் நாங்களும் துடுப்புப் போட்டுத்தான் பார்த்தோம். 2022 ஆவணியில் 87 ரூபாவாக இருந்த லீற்றர் ஒரே இரவில் 340 ரூபா ஆனது. அந்த மாதம் துறை முழுக்க அமைதிதான். அடுப்பும் அமைதி.

கிளாலிக்கரை
இந்தப் பேச்சில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் யாருடைய பக்கமும் இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

1993இல் எனக்குப் பத்து வயது. யுத்த காலம். ஆனையிறவாலும் போக முடியாது, சங்குப்பிட்டியாலும் போக முடியாது. குடாநாட்டுச் சனம் வன்னிக்கு வருவதென்றால் கிளாலியால் இரவில் வள்ளம் ஏற வேண்டும். முன்னால் ஒரு எஞ்சின் வள்ளம். அதன் பின்னால் கயிற்றில் தொடுத்த மாதிரி மற்ற வள்ளங்கள். விளக்கு இல்லை. அம்மா என் வாயைக் கையால் பொத்திப் பிடித்திருந்தா. எங்கள் வள்ளத்தை இழுத்த எஞ்சினின் சத்தம் எனக்குப் பழகிவிட்டது, அது பயமாக இல்லை. நடுவில் எங்கேயோ தூரத்தில் இன்னொரு எஞ்சின் கேட்டது. எங்கள் ஓட்டி உடனே நிறுத்தினார். தண்ணீர் பலகையில் தட்டுகிற சத்தம் மட்டும். வள்ளத்தில் இருந்த அத்தனை பேரும் அந்தத் தூரத்துச் சத்தம் கிட்ட வருகிறதா விலகுகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அது விலகிப் போனது. ஆனால் இருட்டில் எஞ்சின் பிடிக்கிற சத்தம் கேட்டால் இன்றைக்கும் நான் எழும்பிவிடுவேன். தென்னங்காணி அண்ணையின் அப்பா ஏன் கட்டிலில் குந்தியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அந்த வயதுக்காரர் எங்கள் கரையில் இன்னும் நிறையப் பேர். சத்தம் கூடவா குறையவா என்பது மட்டும் அவர்களுக்குக் கணக்கில்லை.

தென்னங்காணி
அக்கா, அப்பா 1995 கடைசியில் அதே வழியால்தான் வந்தவர். நான் அதை எழுத நினைக்கவில்லை. நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

வாடி வீட்டுக்காரி
நானும் சொல்கிறேன். என் மனிசன் இரவில் இறாலுக்குப் போகிறவர். எனக்கு அந்தச் சத்தம் வேண்டும்.

எங்கள் எஞ்சினின் மூடியில் ஒரு கொளுவி உடைந்து போய்விட்டது. மெதுவாக ஓடும்போது அது படபடவென்று அடிக்கும். பதினொரு எஞ்சினுக்குள்ளும் எனக்கு அது தெரியும். இரண்டு பிள்ளைகளையும் படுக்கப் போட்டுவிட்டு விறாந்தையில் இருப்பேன். அந்தப் படபடப்பு கேட்டதும் உலையை வைப்பேன். போன மார்கழியில் ஒரு நாள் ஒரு மணிக்குக் கேட்க வேண்டியது கேட்கவில்லை. இரண்டு மணி. மூன்று மணி. கரைக்குப் போய்ச் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றேன். மூன்றரைக்குக் கம்பு ஊன்றிக்கொண்டு வந்தார், எஞ்சின் மக்கர். ஒரு சத்தமும் இல்லாமல் இருட்டுக்குள்ளிருந்து வள்ளம் வந்து முட்டியது. அந்த அமைதியை நான் இன்னொரு தரம் கேட்க விரும்பவில்லை.

முளை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வருகிறவனுக்கும் போகிறவனுக்கும் ஒரே சட்டம் போடாதீர்கள்.

பரந்தன் பட்டறை
நான் எஞ்சின் வேலை செய்கிறவன். உங்கள் பக்கத்து எஞ்சின்கள் பாதி என் கையால் போனவை. எல்லோரும் மனதில் உள்ளதைக் கதைக்கிறீர்கள், அது சரி. ஆனால் அந்தக் கால் மணித்தியாலம் எதற்கு என்று ஒருவரும் சொல்லவில்லை.

மண்ணெண்ணெய் எஞ்சின் குளிரில் மண்ணெண்ணெயில் பிடிக்காது. பெற்றோலில் தொடக்கி, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்த முதலும் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓட விட வேண்டும். இல்லையென்றால் காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் நின்று அடுத்த நாள் கயிறு இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும். ஆகவே சூடாக்குகிறது வீண் வேலை இல்லை. ஆனால் அதற்கு மூன்று நாலு நிமிடம் போதும். கால் மணித்தியாலம் ஓடுகிறது என்றால், ஒன்றில் பிளக்கில் கரி பிடித்திருக்கிறது, அல்லது ஆள் எஞ்சினைத் தொடக்கிவிட்டு வலை அடுக்குகிறார். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

மற்றது, நிற்கிறபோது ஏன் இவ்வளவு சத்தம். வேகமாக ஓடும்போது புகை தண்ணீருக்குள்ளால் போகும், தண்ணீர் சத்தத்தை விழுங்கும். மெதுவாக நிற்கிறபோது தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக அந்தப் புகைக்கு வலு இல்லை. தண்ணீர் மட்டத்துக்கு மேலே உள்ள சின்னத் துளையால் வெளியே வரும். அதனால்தான் நாற்பது அடியில் காதுக்குள் வந்து அடிக்கிறது. மூடியின் றப்பர் போயிருந்தால் இன்னும் மோசம். வாடி வீட்டு அக்கா, அந்தக் கொளுவியைக் கட்டாயம் மாற்றுங்கள். ஓடுகிறபோது மூடி கழன்று விழுந்தால் எஞ்சினுக்குள் உப்புத் தண்ணீர் போய்விடும்.

கரும்பலகை
விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், ஒரு கணக்கு. தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். 25 மீற்றரில் நிற்கிற எஞ்சினை 200 மீற்றருக்குக் கொண்டுபோனால் மூன்று தரம் இரட்டிப்பு, 18 டெசிபெல். சின்னக் குறைவு இல்லை. ஆனால் காற்று விழுந்த இரவில் தண்ணீருக்கு மேலே உள்ள காற்று குளிர்ந்திருக்கும், மேலே சூடு. அப்போது சத்தம் மேலே போகாமல் வளைந்து தண்ணீரோடு தண்ணீராக வரும். அக்கரையில் கதைக்கிறது இக்கரையில் கேட்கிறது அதனால்தான். அப்படியான இரவில் முழு 18ஐயும் எதிர்பார்க்கக் கூடாது.

நொட்டிங்காமில் ஒரு பூநகரியான்
மின்சார மோட்டார் ஒன்றைச் சங்கத்துக்கு வாங்கித் தர நாங்கள் சில பேர் காசு சேர்க்கலாம். உள்ளே வரவும் போகவும் மட்டும்.

பரந்தன் பட்டறை
அண்ணை, மனம் பெரிது, ஆனால் கணக்கைப் பாருங்கள். 100 அம்பியர்-மணி லெட் பற்றரியில் பாதிக்கு மேல் இறக்கினால் பற்றரி சீக்கிரம் சாகும். சின்ன மோட்டார் ஒன்று முழு வேகத்தில் 50 அம்பியர் இழுக்கும். ஒரு மணித்தியாலம்தான். 200 மீற்றருக்கு அது தாராளம், பதினொரு வள்ளத்துக்கு ஒரு மோட்டார் எப்படிப் போதும்? எல்லாரும் மூன்று மணிக்குத்தான் போகிறார்கள். அந்தக் காசுக்கு மூடி றப்பரும் பிளக்கும் வாங்கித் தந்தால் பதினொன்றையும் நான் கூலி இல்லாமல் பூட்டித் தருகிறேன்.

கொண்டல்
ஒருவரும் பறவையைப் பற்றிக் கதைக்கவில்லை. மாரிக்குப் பூநாரை வந்து இறங்குகிற தண்ணீர் இது. ஒரு எஞ்சின் கிட்டப் போனால் முழுக்கூட்டமும் எழும்பும்.

மூன்றுமணி வலை
பறவைக்குச் சுண்டிக்குளத்தில் 1938இலேயே சரணாலயம் கொடுத்தார்கள், 2015இல் தேசியப் பூங்காவும் ஆக்கினார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்களுக்கு ஒரு நல்ல இறங்குதுறை கேட்டு எத்தனை கடிதம் எழுதினோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பட்டறைத் தம்பி சொன்னதில் ஒன்று என்னைச் சுட்டது. எஞ்சினைத் தொடக்கிவிட்டு வலை அடுக்குகிறவன் நான்தான். பிடித்தால் பிடித்ததுதான், நிற்பாட்டினால் திரும்பப் பிடிக்குமோ என்கிற பயத்தில் செய்கிறேன். வலையை முதல் நாள் பின்னேரமே அடுக்கி வைக்கலாம். அதை என்னால் செய்ய முடியும்.

வாடி வீட்டு அக்கா எழுதியதை நேற்று இரவு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழும்பி விறாந்தைக்குப் போனா.

தென்னங்காணி
தம்பி, அப்படியென்றால் முளையைப் பற்றி?

மூன்றுமணி வலை
போகும்போது கம்பு ஊன்றி முளைக்குப் போய், அங்கே தொடக்கிச் சூடாக்குகிறேன். புரட்டாதி தொடக்கம், சோளகம் விழுந்த பிறகு. சோளக மாதங்களில் முடியாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். 200 மீற்றர் வேண்டாம், 120. கந்தப்புவின் வள்ளத்தை யார் தள்ளுவது? அதற்கு ஒரு பதில் வேண்டும்.

வருகிறபோது நான் எஞ்சினை நிறுத்த மாட்டேன். வேகத்தைக் குறைக்கிறேன். என் வீட்டிலும் ஒருத்தி விறாந்தையில் இருக்கிறாள்.

தென்னங்காணி
வருகிறதைப் பற்றி நான் இன்னும் சம்மதிக்கவில்லை. இரவு பத்து மணிக்கு வருகிறவர் வேறு, விடிய இரண்டு மணிக்கு வருகிறவர் வேறு. கூட்டத்தில் கதைப்போம். 120 சரி.

கந்தப்பு ஐயாவின் வள்ளத்துக்கு நான் வருகிறேன். மூன்று மணிக்கு எப்படியும் நான் முழிப்புத்தானே.

வாடி வீட்டுக்காரி
முளையில் வெள்ளைப் பெயின்ற் அடித்து, ஒளி தெறிக்கிற ஒட்டு ஒன்றும் சுற்றிவிடுங்கள். நிலவு இல்லாத நாளில் வள்ளத்தின் அணியம் போய் அதில்தான் மோதும்.