போதைப்பொருள் சட்டம் பத்தி கேட்டா மட்டும் ஏன் எல்லாரும் வழவழ கொழகொழன்னு பேசறாங்க?

ஓரக்கண்:
ரொம்ப நாளா மண்டைய குடையற விஷயம். எந்த நாட்டு அரசியல்வாதி பேட்டிய எடுத்தாலும் சரி, வரி, பட்ஜெட், வெளியுறவு எல்லாத்துக்கும் மூச்சு விடாம பேசறவங்க, "கொஞ்சூண்டு கஞ்சா வச்சிருந்தவனை ஜெயில்ல போடணுமா வேணாமா"ன்னு கேட்டா உடனே "இளைஞர்களோட எதிர்காலம்தான் எங்களுக்கு முக்கியம்"னு ஆரம்பிச்சிடறாங்க. போடணும்னாலும் அது ஒரு பதில், வேணாம்னாலும் ஒரு பதில், ரெண்டுல எதையும் சொல்ல மாட்டாங்க.

நேத்து ஒரு பழைய வீடியோ பாத்தேன், 2012ல அமெரிக்க காங்கிரஸ் கமிட்டி விசாரணை. போதைப்பொருள் தடுப்பு அமைப்பான டிஇஏவோட தலைவர் மிஷேல் லெனார்ட் கிட்ட ஜாரெட் போலிஸ்ங்கற உறுப்பினர் கேக்கறார், கஞ்சாவ விட கிராக் (கொக்கைன்ல ஒரு வகை) உடம்புக்கு மோசமா? "எல்லா சட்டவிரோத போதைப்பொருளும் கெட்டதுதான்". சரி, மெத் (மெத்தாம்ஃபெட்டமைன்)? அதே பதில். சரி ஹெராயினாவது கஞ்சாவ விட மோசமா? மறுபடியும் அதே. ஆமா, இல்ல, தெரியல, இந்த மூணுல ஒண்ணு சொல்லுங்கன்னு அந்தாளு கெஞ்சாத குறை. ஸ்கூல் பசங்க கூட சொல்ற பதில் இது, அந்த அம்மாவுக்கு தெரியாதா என்ன? அப்புறம் எதுக்கு இந்த பிடிவாதம்?

கொக்கிப்புலி:
முதல்ல ஒண்ணு, அவங்க அரசியல்வாதி இல்ல பாஸ், அதிகாரி. ஆனா உதாரணம் சரியான உதாரணம்தான், ஏன்னா அவங்க ஏன் வாயத் திறக்கலங்கறதுக்கு தெளிவா ஒரு காரணம் இருக்கு. 1970 சட்டப்படி அங்க போதைப்பொருளை எல்லாம் அஞ்சு பட்டியலா பிரிச்சு வச்சிருக்காங்க. அந்த விசாரணை நடந்தப்போ முதல் பட்டியல்ல, அதாவது மருத்துவ பயன் எதுவும் இல்ல, ஆபத்து அதிகம்ங்கற இடத்துல ஹெராயினும் இருந்துச்சு, கஞ்சாவும் இருந்துச்சு. கொக்கைனும் மெத்தும் எங்கன்னு நினைக்கறீங்க, ரெண்டாவது பட்டியல்ல, கஞ்சாவுக்கு ஒரு படி கீழ! இப்ப அவங்க "ஆமா, ஹெராயின் மோசம்"னு சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்? "அப்ப ரெண்டும் ஏன் ஒரே பட்டியல்ல இருக்கு?" அதுக்கு பதில் கிடையாது. அதனால முதல் கேள்வியிலயே கதவ சாத்திட்டாங்க. இவங்க எல்லாருமே பயப்படறது கேட்ட கேள்விக்கு இல்ல, அதுக்கு பின்னாடி க்யூல நிக்கற கேள்விக்கு. இப்படி பாத்தீங்கன்னா பாதி பேட்டி புரிஞ்சிடும்.

தூறல்:
கொக்கிப்புலி சொன்னது கரெக்ட், ஆனா நாற்காலிய, அதான் பதவிய, விட்டுட்டீங்க. பிரிட்டன்ல டேவிட் கேமரூன் 2002ல சாதா எம்பி, பார்லிமெண்ட் உள்துறை கமிட்டில இருந்தார், அந்த கமிட்டி ரிப்போர்ட்ல சட்டபூர்வமாக்கி கட்டுப்படுத்தற வழி உட்பட மாற்று வழிகள பத்தி ஐநா அமைப்புல பேச்ச ஆரம்பிங்கன்னே பரிந்துரை. அதே ஆளு பிரதமர் ஆனப்புறம், 2012ல இன்னொரு கமிட்டி "ஒரு ராயல் கமிஷன் (அரசு போடற உயர்மட்ட விசாரணைக் குழு) போட்டு ஆராயுங்க"ன்னு கேட்டதுக்கு, இப்ப இருக்கற கொள்கையே நல்லாதான் வேலை செய்யுதுன்னு முடிச்சிட்டார்.

ஜாக்கி ஸ்மித் இன்னும் ஜோர். காலேஜ்ல கஞ்சா அடிச்சேன்னு 2007ல ஒத்துக்கிட்டாங்க, அப்ப அவங்க உள்துறை மந்திரி. நிபுணர் குழு வேணாம்னு சொல்லியும் கஞ்சாவ இன்னும் கடுமையான வகுப்புக்கு ஏத்தினாங்க, 2009ல அமலுக்கு வந்துச்சு. பதவி எல்லாம் போனதுக்கப்புறம் 2012ல, அப்படி பண்ணியிருக்க வேணாம்னு சொன்னாங்க. இப்ப சொல்லி என்ன புண்ணியம்?

அந்த நிபுணர் குழு தலைவர் டேவிட் நட் கதை தெரியும்ல, மதுவும் சிகரெட்டும் எல்எஸ்டி, எக்ஸ்டஸி, கஞ்சாவ விட அதிக தீங்குன்னு ஒரு லெக்சர்ல பேசினார், 2009 அக்டோபர்ல தூக்கிட்டாங்க. நேரா பதில் சொன்னா என்ன ஆகும்னு மத்தவங்களுக்கு அத விட தெளிவா எப்படி காட்டறது.

பழைய நிருபர்:
நான் கொஞ்ச காலம் பேட்டி எடுக்கற பக்கம் இருந்தவன், அதனால எங்க ஆளுங்களையும் ரெண்டு வார்த்தை திட்டிக்கறேன். பாதி தப்பு கேக்கறவன் மேல. "நீங்க அடிச்சிருக்கீங்களா"ன்னு கேட்டா மறுநாள் தலைப்பு கிடைக்கும், அதனால அதத்தான் கேப்பாங்க. கிளிண்டன் ரொம்ப நாள் "என் நாட்டு சட்டத்த மீறினதில்ல"ன்னே சொல்லிட்டு இருந்தார், 1992ல ஒரு டிவி விவாதத்துல வெளிநாட்டு சட்டத்தையும் சேத்து கேட்டப்பதான் இங்கிலாந்துல படிக்கறப்போ கஞ்சா முயற்சி பண்ணினேன், ஆனா புகைய உள்ள இழுக்கலன்னு வந்துச்சு. கேள்வில இருந்த ஓட்டைய அடைச்சதும் பதில் வந்துடுச்சு பாருங்க. ஆனா வந்து என்ன பிரயோஜனம், உலகமே சிரிச்சுது, ஆயிரக்கணக்கான பேர் அதே விஷயத்துக்கு கைதாகறாங்களே அது சரியான்னு கேக்க வேண்டிய கேள்வி அந்த சிரிப்புல காணாம போச்சு.

"போதைப்பொருளை ஆதரிக்கறீங்களா"ங்கறது இன்னும் மோசம், அவங்களுக்கு லட்டு மாதிரி கேள்வி. இத்தனை கிராம், சொந்த உபயோகத்துக்கு, முதல் தடவை மாட்டினவன், அவனுக்கு என்ன தண்டனை சரின்னு நீங்க நினைக்கறீங்கன்னு ஒரு கேஸா வச்சு கேளுங்க, அப்பவும் நழுவினா நழுவறது பாக்கறவங்களுக்காவது தெரியும்.

நடுவுல_நிக்கறவன்:
எல்லாரும் சேந்து கும்மறீங்க, நான் கொஞ்சம் அந்த பக்கம் பேசறேன். ஆமா இல்லன்னு ஒத்தை வார்த்தைல பதில் வர்ற விஷயமா இது? அமெரிக்காவுல ஓரகன் மாநிலத்துல 2020ல மக்களே ஓட்டு போட்டு, கிட்டத்தட்ட 58 சதவீதம், ஹெராயின் உட்பட சின்ன அளவு வச்சிருந்தா ஜெயில் கிடையாதுன்னு கொண்டு வந்தாங்க. 100 டாலர் ஃபைன், ஒரு ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணா அதுவும் ரத்து. சிகிச்சை வசதி சரியா வந்து சேர லேட்டாச்சு, அதே நேரத்துல ஹெராயின விட வீரியமான ஃபென்டனில்ங்கற போதைப்பொருள் வேற புகுந்துடுச்சு, 2024 செப்டம்பர்ல மறுபடியும் குற்றமாக்கிட்டாங்க. 2020ல "ஆமா"ன்னு நேரா சொன்ன அரசியல்வாதிய இன்னிக்கு எப்படி கிழிப்பீங்க? நீங்களேதான் கிழிப்பீங்க. தப்பா போனா கருத்த மாத்திக்கற உரிமைய நாம கொடுக்கறதில்ல, அப்புறம் அவன் ஏன் கருத்து சொல்றேன்னு மாட்டிக்கணும்?

ஓரக்கண்:
@நடுவுல_நிக்கறவன் நியாயமான பாயிண்ட், ஆனா "இன்னும் முடிவு பண்ணல, இன்ன இன்ன தகவல் வந்தா சொல்றேன்"னு சொல்றதும் நேரான பதில்தானே, நான் கேக்கறது அதையும்தான். போர்ச்சுகல்ல அப்படித்தானே பண்ணாங்க, 1998ல நிபுணர் குழு போட்டாங்க, குட்டெரெஸ் அப்ப பிரதமர், 2001 ஜூலைல சட்டம் அமலுக்கு வந்துச்சு. சொந்த உபயோகத்துக்கு பத்து நாளைக்கான அளவுக்குள்ள போதைப்பொருள் வச்சிருந்தா கோர்ட் இல்ல, ஒரு கமிஷன் முன்னாடி போய் நிக்கணும், ஆனா வித்தா அப்பவும் இப்பவும் குற்றம். குட்டெரெஸ் அரசியல் வாழ்க்கை ஒண்ணும் அதனால முடிஞ்சு போயிடல, அப்புறம்தான் ஐநா பொதுச்செயலாளர் ஆனார்.

நடுவுல_நிக்கறவன்:
போர்ச்சுகல்ல சிகிச்சை வசதியும் அதுக்கான ஆளும் கூடவே போட்டாங்க, அத மறந்துட்டு எல்லாரும் சட்டத்த மட்டும் காப்பி அடிக்கறாங்க. ஆனா சரி, "இன்னும் முடிவு பண்ணல"ங்கறத நான் ஏத்துக்கறேன். எத்தனை வருஷம் முடிவு பண்ணாம இருக்கலாம்னு மட்டும் சொல்லுங்க.

பழைய நிருபர்:
அடுத்த எலெக்‌ஷன் முடியற வரைக்கும்னு ஒரு மந்திரியே என்கிட்ட சொல்லியிருக்கார், மைக் ஆஃப் ஆனதுக்கப்புறம்.