வாலிஸ்னேரியா தொட்டி முழுக்கப் பரவிவிட்டது: அப்பா வைத்த செடியை எப்படிக் காப்பாற்றுவது?

சிப்புட் தங்கச்சி:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். கூடத்தில் மூன்றடி மீன்தொட்டி இருக்கிறது. பின்பக்கம் பச்சையாக இருக்கட்டும் என்று போன வருடம் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஐந்து வாலிஸ்னேரியா நீர்ச்செடி வாங்கி நட்டேன். இப்போது எண்ண முடியவில்லை. நாடா மாதிரி இலைகள் மேலே போய்ப் படுத்துத் தண்ணீரையே மூடிவிட்டன. அடியில் வெளிச்சமே இறங்குவதில்லை.

எனக்குக் கவலை முன் மூலையில் இருக்கும் கிரிப்டோகொரின் என்ற நீர்ச்செடியைப் பற்றித்தான். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் இருந்த லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் ஓடிய ஓடையிலிருந்து கொண்டுவந்தது. இலையின் மேல்பக்கம் கரும்பச்சை, திருப்பினால் கத்தரிப்பூ நிறம். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயமும் போய், அந்த ஓடை இப்போது வெறும் மண்கால்வாய். இன்னொரு செடிக்கு நான் எங்கே போவேன்? பதினோரு இலை இருந்தது, இப்போது நாலுதான்.

வாலிஸ்னேரியா இலைகளைப் பாதியில் வெட்டிப் பார்த்தேன். நுனி பழுத்துக் கொழகொழவென்று ஆனது, பத்தே நாளில் புது இலை மேலே வந்துவிட்டது. ஒன்றைப் பிடுங்கினால் பூச்சரம் மாதிரி ஐந்தாறு சேர்ந்து வந்து தொட்டியே கலங்குகிறது. விடியற்காலையில் கப்பி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்கிவிடலாமா? பிடுங்கியதை எங்கே போடுவது?

ஈப்போ தம்பி:
அக்கா, கடையில் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றும் திரவ கார்பன் விற்கிறார்கள். அதைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் வாலிஸ்னேரியா தானாகவே கரைந்துபோகும். என் தொட்டியில் அப்படித்தான் போனது.

பழைய மண்டோர்:
அம்மா, அதைச் செய்யாதீங்க. தம்பி சொல்வது உண்மைதான், அது வாலிஸ்னேரியாவுக்கு ஆகாது. ஆனால் அந்த மருந்துகளில் பெரும்பாலும் இருப்பது குளூட்டரால்டிஹைட், கிருமிநாசினி. அத்தனை இலையும் ஒரே நேரத்தில் தொட்டிக்குள் அழுகினால் மீன்தான் முதலில் சாகும். அப்பா செடியும் தாங்காது.

மேலே எவ்வளவு வெட்டினாலும் அது அடங்காது. பரவுவது மண்ணுக்குள் ஓடும் தண்டால். விரலை மணலுக்குள் விட்டுத் தடவுங்கள், வெள்ளையாக நூல் மாதிரி தட்டுப்படும். அதை இரண்டு பக்கமும் கத்தரித்துவிட்டுப் பிறகு செடியின் கழுத்தைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். தனியாக வரும், மண் கலங்காது. வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்குதான் எடுக்க வேண்டும். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை இந்தச் செடிகள்தான் உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன, ஒரே நாளில் எல்லாம் போனால் தண்ணீர் கெட்டுவிடும். ஒவ்வொரு முறையும் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள்.

எடுத்ததில் நல்லதாக ஐந்தாறு வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப நடுவதற்குப் பால் மங்கு (ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம்) கிடைக்குமா பாருங்கள், பீங்கான் மங்குதான் வேண்டும். காய்ந்து ஒட்டிக்கிடக்கும் ரப்பர் ஒட்டுப்பாலை முழுக்க உரித்து, கொதிநீரில் போட்டு எடுங்கள், சோப்பு வேண்டாம். விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை மணல். வேரை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிக் கொஞ்சம் ஆழமாக நட்டு, வேரும் இலையும் சேரும் கழுத்து மணலுக்கு மேலே தெரியும்வரை இழுத்துவிடுங்கள். கழுத்து புதைந்தால் அழுகும். இனித் தண்டு ஓட வேண்டுமென்றால் விளிம்பைத் தாண்டித்தான் ஓட வேண்டும், உங்கள் கண்ணில் பட்டுவிடும்.

கிரிப்டோகொரினைத் தொடவே தொடாதீங்க. வெளிச்சம் திடீரென்று மாறினால் இலை கரையலாம். பதறிப் பிடுங்கிவிடாதீர்கள், வேர் உயிரோடு இருந்தால் திரும்பத் துளிர்க்கும். மீன் மூச்சு வாங்குவதற்கும் இந்த நெருக்கடிதான் காரணமாக இருக்கும். இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுக்கும். இப்போதைக்கு ராத்திரி காற்றுப் பம்பைப் போட்டுவிடுங்கள்.

அப்புறம், எடுத்ததை லோங்காங்கில் (சாக்கடையில்) போடாதீங்கம்மா. அது ஆற்றுக்குத்தான் போகும். பஹாங்கில் தாசிக் சினி ஏரியைப் பாருங்கள், 2009இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த ஏரி. தென் அமெரிக்காவின் கபோம்பா செடி அங்கே புகுந்து தாமரையை நெருக்கிப் படகுக்கும் வழியில்லாமல் செய்தது. நீங்கள் எடுத்ததைச் சாக்கில் பரப்பி, நொறுங்கும்வரை காயவைத்து வாழைக்குப் போடுங்கள்.

சிப்புட் தங்கச்சி:
ஐயா, நாலு வாரம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்த ஐந்து மங்கைக் கொடுத்தார். ஒட்டுப்பாலை உரிக்கவே ஒரு மத்தியானம் ஆனது. மூன்று வாரமாகச் சொன்னபடியே எடுத்தேன். மீன்கள் இப்போது காலையில் கீழேதான் நிற்கின்றன.

கிரிப்டோகொரினில் இரண்டு இலை கண்ணாடி மாதிரி ஆகிக் கரைந்தது. கை பரபரத்தது, ஆனாலும் தொடவில்லை. பத்தொன்பதாம் நாள் நடுவில் பென்சில் முனை அளவுக்குச் சுருண்ட குருத்து வந்தது. நேற்று பாதி விரிந்திருந்தது, அடிப்பக்கம் அதே கத்தரிப்பூ நிறம். அப்பாவை நாற்காலியோடு தொட்டிப் பக்கம் நகர்த்திக் காட்டினேன்.

மூன்றாவது மங்கில் ஒரு தண்டு விளிம்புக்கு மேலே எட்டிப் பார்த்தது. வெட்டிச் சாக்கில் போட்டுவிட்டேன்.