கடை கம்ப்யூட்டரில் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் குப்பைமேடு ஆகிவிட்டது, எங்கிருந்து தொடங்குவது?

ஜெராக்ஸ்கடை_தென்காசி:

வணக்கம். தென்காசிப் பக்கம் சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், கூடவே ஆன்லைன் விண்ணப்பம், கொஞ்சம் டிடிபி (பத்திரிகை, பேனர் மாதிரி அடித்து வடிவமைத்துக் கொடுப்பது). ஒரே கம்ப்யூட்டர், விண்டோஸ் 10, 256 ஜிபி எஸ்எஸ்டி, அதை சி, டி என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன். சி டிரைவ் சிவப்புக் கோட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. டவுன்லோட்ஸைத் திறந்தால் மேலே அந்தப் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கும், அதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். பதினோராயிரத்துச் சொச்சம் ஃபைல்.

இடம் போவதுகூடப் பரவாயில்லை. போன வாரம் ஒரு அக்கா மகளின் வருமானச் சான்றை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நின்றார். வரிசையில் ஆறு பேர். 'சர்டிஃபிகேட்' அடைப்புக்குறி 23ஐத் திறப்பதற்குப் பதில் 22ஐத் திறந்து இரண்டு காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டேன். 22 அதே தெருக்காரருடையது. அக்கா அதை வாசலில் நின்றே வாசித்துவிட்டார். மாடி வீடு, கார் எல்லாம் இருக்கிறவருக்குச் சான்றில் எவ்வளவு வருமானம் போட்டிருக்கிறது என்று சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அவர் கடைக்கு வந்து கத்தினார், தப்பு என்னுடையதுதான், வாய் திறக்கவில்லை.

ஒழுங்குபடுத்தாமலும் இல்லை. 'பழையது' என்று ஒரு ஃபோல்டர் போட்டு எல்லாவற்றையும் உள்ளே தள்ளினேன், அப்புறம் 'பழையது 2'. இப்போது 'பழையது 2'க்குள் 'புதியது' என்று ஒன்று இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது. தேதிவாரியாகப் பிரிப்பதா, வாடிக்கையாளர் பெயர் போட்டா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தேடிப்பிடி:

பதினோராயிரம் ஃபைலை உட்கார்ந்து பிரிக்கவே பிரிக்காதீர்கள், ஆயுசு போய்விடும். முதலில் விஸ்ட்ரீ என்ற மென்பொருளைப் போட்டு எது இடத்தை அடைக்கிறது என்று பாருங்கள். அது விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வகை டிரைவில் இருக்கும் ஃபைல் அட்டவணையை நேரடியாக வாசிப்பதால் சில நொடியில் காட்டிவிடும். நான் பார்த்த கம்ப்யூட்டர்களில் எல்லாம் ஒரே கதைதான்: பழைய பிரிண்டர் டிரைவர் நாலு தடவை இறக்கியது, யாரோ பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போன படம், பாதியில் நின்றுபோன இறக்கங்கள் (குரோமில் 'சிஆர்டவுன்லோட்' என்று முடியும், இப்போது எதுவும் இறங்கிக்கொண்டிருக்கவில்லை என்றால் தயங்காமல் அழிக்கலாம்). சான்றிதழ் பிடிஎஃப் எல்லாம் சேர்ந்தாலும் அவ்வளவு இடம் பிடிக்காது.

தேடுவதற்கு எவ்ரிதிங் என்ற மென்பொருளைப் போடுங்கள், பெயரில் இரண்டு எழுத்து தட்டினால் வந்து நிற்கும். அப்படியே டவுன்லோட்ஸை டி டிரைவுக்கு மாற்றிவிடுங்கள்: ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், லொக்கேஷன், மூவ். ஆனால் வெறும் டி டிரைவைக் காட்டிவிடாதீர்கள், உள்ளே ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதைக் காட்டுங்கள். இல்லையென்றால் டி டிரைவே டவுன்லோட்ஸ் ஆகி, பழையபடி மாற்றுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

பழைய_டிடிபி:

தம்பி, நானும் கடைக்காரன்தான், இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தேடிப்பிடி சொல்வது வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் சரி. கடையில் தேடினால் கிடைப்பதுதான் ஆபத்தே. எவ்ரிதிங்கில் 'ஆதார்' என்று அடித்துப் பாருங்கள், எத்தனை பேருடையது வருகிறது என்று. இ-ஆதாருக்கு பாஸ்வேர்ட் இருக்கிறதே என்பீர்கள். பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும்தான் பாஸ்வேர்ட், அது இரண்டும் பக்கத்தில் கிடக்கும் மார்க் ஷீட்டிலேயே இருக்கிறது. அதோடு பாஸ்வேர்ட் போட்டுத் திறந்து, பிரிண்டுக்கு வசதியாக இருக்கட்டும் என்று படமாக வேறு சேமித்திருப்போம்.

அதனால் தேதியா பெயரா என்ற கேள்வியே வேண்டாம். அடுத்தவர் காகிதம் நம்மிடம் தங்கக்கூடாது, நாம் செய்த வேலை போகக்கூடாது. என் கடையில் டவுன்லோட்ஸ் என்பது பஸ் ஸ்டாண்ட் மாதிரி, யாரும் குடியிருக்க முடியாது. ராத்திரி ஷட்டர் இறக்குவதற்கு முன்னால் கன்ட்ரோல் ஏ, ஷிஃப்ட் டிலீட், ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாமல் எல்லாம் அழிந்துவிடும். பத்திரிகை, பேனர், பில் புக் மாதிரி நான் அடித்துக் கொடுத்தவை மட்டும் டி டிரைவில், வருஷம் முதலில், அப்புறம் மாதம், தேதி, அப்புறம் பெயர். 2024-06-12 என்று போட்டால்தான் தானாக வரிசையில் நிற்கும். 12-06-2024 என்று எழுதினால் எல்லா மாதத்துப் பன்னிரண்டாம் தேதியும் ஒரே இடத்தில் கூட்டம் போடும். சாய்கோடு போட விண்டோஸ் விடாது, நடுவில் சின்னக் கோடு போடுங்கள்.

மறதிக்காரராக இருந்தால் செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ் போய் ஸ்டோரேஜ் சென்ஸை ஆன் செய்யுங்கள். டவுன்லோட்ஸுக்கு முதலில் 'நெவர்' என்றுதான் இருக்கும், 1, 14, 30, 60 நாள் என்று மாற்றலாம். அத்தனை நாள் திறக்காமல் கிடந்ததை அதுவே எடுத்துவிடும். ஆனால் அது சி டிரைவை மட்டும்தான் பார்க்கும். தேடிப்பிடி சொன்னபடி டிக்கு மாற்றினால் இந்த வசதி போச்சு.

தேடிப்பிடி:

அது எனக்குத் தோன்றவில்லை. கடை என்றால் சியிலேயே இருக்கட்டும், சரி.

கல்யாணப்பத்திரிகை:

ஸ்டோரேஜ் சென்ஸை ஆன் செய்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம். எங்கள் கடையில் வேலை பார்த்த பையன் கோரல் டிரா ஃபைல்களை டவுன்லோட்ஸிலேயே வைத்து வேலை செய்துகொண்டிருந்தான், எனக்குத் தெரியாது. தை மாதக் கல்யாணத்துக்கு ஐப்பசியிலேயே ப்ரூஃப் பார்த்துவிட்டுப் போனார்கள், மண்டபம் உறுதியானதும் மார்கழியில் வந்தார்கள். ஃபைல் இல்லை. தாத்தா பாட்டி பெயரிலிருந்து திரும்ப அடித்தோம், அதில் ஒரு சித்தப்பா விட்டுப்போய்... அதை விடுங்கள். முதலில் நம் வேலையை வெளியே எடுத்துவிட்டு அப்புறம் ஆன் செய்யுங்கள்.

இன்னொன்று, டிடிபி ஃபைலை எடுத்து வைக்கும்போது அதே ஃபோல்டரில் எழுத்துருவையும் காப்பி செய்துவிடுங்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கிலக் கீறலாகத்தான் வரும். முருகன் துணை என்று ஆரம்பிக்கிற பத்திரிகை எப்படி வரும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜெராக்ஸ்கடை_தென்காசி:

எல்லாருக்கும் நன்றி. பழைய_டிடிபி அண்ணா, இரண்டு சந்தேகம். ஆதார் இறக்கும்போது குரோமில் இன்காக்னிட்டோவில்தான் (ஹிஸ்டரி சேமிக்காத தனி விண்டோ) திறக்கிறேன், அதை மூடினால் ஃபைலும் போய்விடாதா? அப்புறம், "போன மாசம் உங்க கடையிலதானே எடுத்தேன், இன்னொரு காப்பி குடுங்க" என்று வருகிறவர்களை என்ன செய்வது? இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

பழைய_டிடிபி:

போகாது. இன்காக்னிட்டோவில் ஹிஸ்டரியும் லாகினும்தான் போகும், இறக்கிய ஃபைல் டவுன்லோட்ஸில் கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். வாட்ஸ்அப்பையும் மறந்துவிடாதீர்கள். கடை நம்பரில் பிரைவசி செட்டிங்கில் மறையும் செய்திக்கு 24 மணி நேரம் என்று வைத்துவிட்டால் புதிதாகத் தொடங்கும் சாட்களில் தானாக அழியும், ஆனால் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இறக்கியது அழியாது, அதை நாம்தான் அழிக்க வேண்டும்.

திரும்பக் கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது, "உங்க காகிதத்தை நான் வச்சுக்கிறதில்லைங்க, உங்க போன்லதான் இருக்கு." பிடிஎஃப்பை அவர்கள் போனுக்கே அனுப்பி, அவர்கள் பெயர் போட்டுச் சேமித்துக் கொடுத்துவிடுவேன். போன் கையில் இருந்தால் டிஜிலாக்கரும் (சான்றிதழ்களை வைத்துக்கொள்ளும் அரசு ஆப்) போட்டுக் கொடுக்கலாம். ஒன்றிரண்டு பேர் முறைத்துக்கொண்டு போனது உண்டு. பத்திரம், பட்டா எடுக்க வருகிற பெரியவர்கள் மட்டும் இதைக் கேட்டுவிட்டு என்னிடமே வருகிறார்கள்.

ஜெராக்ஸ்கடை_தென்காசி:

ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு உட்கார்ந்தேன். என் டிடிபி வேலை என்று தேறியது 340 ஃபைல், அதை டிக்கு எடுத்தேன். அதற்கே மதியம் ஆகிவிட்டது, ஒன்றில்கூடப் பெயர் உருப்படியாக இல்லை, 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'இதுதான் ஃபைனல்'. மீதியை அழித்தேன். 'பழையது 2'க்குள் இருந்த 'புதியது' ஃபோல்டரையும் திறந்து பார்த்தேன், உள்ளே ஒரே ஒரு ஃபைல், என்னுடைய சொந்த ரேஷன் கார்டு. போன வருஷம் தொலைந்துவிட்டது என்று நினைத்து ஐந்தாறு தடவை திரும்ப ஸ்கேன் செய்தது.

தெருக்காரர் இன்னும் பேசவில்லை. நேற்று ஜெராக்ஸ் எடுக்கப் பையனை அனுப்பியிருந்தார்.