இதயநோய் நிபுணரின் குறிப்பில் 'பாரடைம் ஆய்வாளர்' என்றால் என்ன பொருள்?

பொன்வண்டு:
இதயச் செயலிழப்புக்கு மருத்துவர் தேடினால் 'எஃப்.ஏ.சி.சி., எஃப்.ஈ.எஸ்.சி., பாரடைம்-ஹெச்.எஃப். ஆய்வாளர், 80 கட்டுரைகள்' என்று வரிசையாக வருகிறது. இதில் எதற்கு எடை? ஆஞ்சியோபிளாஸ்டியில் கைதேர்ந்தவர் ஹார்ட் ஃபெயிலியரும் நன்றாகப் பார்ப்பார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

நாடித்துடிப்பு:
எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்டென்ட் வைப்பது கைத்திறன். செயலிழப்போ மாதக்கணக்கில் மருந்தளவை ஏற்றி இறக்குவது, சி.ஆர்.டி. கருவி (இதயத்தின் இரு பக்கங்களையும் ஒருசேரத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர்), இதயமாற்று எல்லாம் யாருக்கு, எப்போது என்று முடிவெடுப்பது. பொது இதயவியல் முடித்தபின் இதற்கென்றே தனிப் பயிற்சி உண்டு. அதை எங்கே, எந்த ஆண்டு முடித்தார் என்று பாருங்கள். எஃப்.ஏ.சி.சி., எஃப்.ஈ.எஸ்.சி. இரண்டும் அமெரிக்க, ஐரோப்பிய இதயவியல் அமைப்புகள் தரும் அங்கீகாரம். எந்தத் துணைப்பிரிவில் பயின்றார் என்பதை அவை சொல்லாது.

மூன்றாம்வரிசை:
பாரடைம்-ஹெச்.எஃப். என்பது இதயச் செயலிழப்புக்கு சாக்குபிட்ரில்-வால்சார்டன் என்ற மருந்தைப் பழைய மருந்தான எனலாப்ரிலுடன் ஒப்பிட்ட ஆய்வு. 47 நாடுகளில் 1,043 மையங்களில் நடந்தது. ஆகவே 'ஆய்வாளர்' என்றால் பெரும்பாலும் ஒரு மையத்தில் நோயாளிகளைச் சேர்த்து, நெறிமுறைப்படி மருந்து கொடுத்து, பதிவேடு பார்த்தவர். லேசான வேலையல்ல, ஆனால் ஆய்வை வடிவமைத்தது வேறு ஒரு சிறிய குழு. அதன் முடிவை வெளியிட்ட 2014 கட்டுரையின் முதல் பெயர் ஜான் மெக்மர்ரே. பப்மெட்டில் (மருத்துவக் கட்டுரைகளின் இணையப் பட்டியல்) தேடும்போது முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் கவனியுங்கள்: முன்னவர் பெரும்பாலும் எழுதியவர், பின்னவர் வழிநடத்தியவர். ஒரே இனிஷியலில் பலர் வருவார்கள், நிறுவனப் பெயரையும் சேர்த்துத் தேடவும். 80 கட்டுரைகளில் பாதி ஒற்றை நோயாளி விவரமாகவும் இருக்கலாம்! கட்டுரைக் கடைசியில் மருந்து நிறுவனத் தொடர்புகள் இருக்கும், அதையும் படியுங்கள்.

நாடித்துடிப்பு:
ஒரு சேர்க்கை. பாரடைமில் புது மருந்து பாதிப்பை '20% குறைத்தது' என்று சொல்வார்களே, அது ஒப்பீட்டுக் கணக்கு. இதயநோய் மரணம் அல்லது செயலிழப்புக்காக அட்மிஷன், இரண்டும் சேர்த்து எனலாப்ரில் பிரிவில் 26.5%, சாக்குபிட்ரில்-வால்சார்டன் பிரிவில் 21.8%. அதாவது சுமார் 27 மாதங்களில் 21 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குத் தவிர்ந்தது. நல்ல பலன்தான். ஆனால் மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் பார்க்கும் முன்னோட்டக் கட்டத்தில் நுழைந்த 10,521 பேரில் 8,442 பேர்தான் முதன்மை ஆய்வுக்கு வந்தார்கள். மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் பலர் அங்கேயே விலகிவிட்டார்கள். கிளினிக்கில் அந்த வடிகட்டல் கிடையாது. ரத்த அழுத்தம் இறங்குவது, பொட்டாசியம் ஏறுவது எல்லாம் அங்கே கண்முன் நடக்கும்.

பொன்வண்டு:
அப்படியானால் முதல் சந்திப்பிலேயே ஆளை எடைபோட வழி உண்டா?

மூன்றாம்வரிசை:
மருத்துவர் என்ன கேட்கிறார், என்ன சொல்கிறார் என்று பாருங்கள். எனலாப்ரிலிலிருந்து சாக்குபிட்ரில்-வால்சார்டனுக்கு மாற்றும்போது 36 மணிநேர இடைவெளி விடச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் முகம், தொண்டை வீங்கி மூச்சடைக்கும் ஆபத்து கூடும். பிறகு கண்காணிக்க, இதயத்தின் சுமையைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளில் பி.என்.பி. எழுதாமல் என்.டி.-ப்ரோபி.என்.பி. எழுத வேண்டும், ஏனென்றால் பி.என்.பி.யைச் சிதைக்கும் நெப்ரிலைசின் என்ற நொதியை இந்த மருந்தே தடுப்பதால் அந்த அளவு தானாக ஏறிக் குழப்பும். செயலிழப்புக்குத் தரும் இன்னொரு மருந்தான ஸ்பைரனோலாக்டோன் தொடங்கினால் ஒரு வாரத்திலேயே பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் அளவு) பார்க்க நல்ல மருத்துவர் தேதி தருவார். மருந்துச் சீட்டு மட்டும் தந்து 'ஆறு மாதம் கழித்து வாங்க' என்றால் குறிப்பில் எத்தனை கட்டுரை இருந்தாலும் எனக்குத் திருப்தியில்லை.