அப்பாவின் கணினியில் ஒரு கடிகாரம்: டாஸ்க்பார் நேரத்தை மாற்றியமைத்த அனுபவங்கள்

திரையின் அடியில் நீளும் டாஸ்க்பார் என்னும் பட்டையின் வலது மூலையில் இருக்கும் கடிகாரத்தை மாற்றியமைக்க உதவும் சிறு இலவச மென்பொருள்களைப் பற்றிச் சொல்வதற்கு முன், எந்த மென்பொருளும் இல்லாமல் அதை மாற்றப் போய் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 7 காலத்தில், கடிகாரத்தில் நம் பெயரை வரவழைக்கும் உத்தி பலரிடம் பரவியிருந்தது. கண்ட்ரோல் பேனலில் ரீஜன் பகுதியைத் திறந்து, நேர வடிவத்தில் உள்ள ஏ.எம்., பி.எம். என்னும் குறிகளை அழித்துவிட்டு, அவ்விடத்தில் விரும்பிய பெயரை எழுதினால் போதும். அப்பாவின் கணினியில் இரண்டு குறிகளுக்கும் பதிலாக என் மகளின் பெயரை எழுதிவைத்தேன். நேரத்துக்குப் பக்கத்தில் பேத்தியின் பெயரைப் பார்த்து அவருக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. காலையில் வெறும் வயிற்றிலும் இரவு உணவுக்குப் பிறகும் அளவு பார்த்து, நோட்பேடைத் திறந்து எஃப் 5 விசையை அழுத்துவார். நேரமும் தேதியும் தாமாகவே வந்து விழும். அதன் அருகில் அளவை எழுதிக்கொள்வார். இரண்டு மாதக் குறிப்பை அச்சிட்டு எடுத்துச் சென்றபோது, "இதில் எது காலையில் எடுத்தது?" என்று மருத்துவர் கேட்டார். தாளைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. 7:30 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் காலையிலும் பேத்தியின் பெயர், இரவிலும் பேத்தியின் பெயர். நான் மாற்றியது கடிகாரத்தை மட்டுமன்று, கணினி முழுவதும் பயன்படுத்தும் நேர வடிவத்தை. இரண்டு வேளையும் எடுத்த நாள்களை வரிசையை வைத்துக் கண்டுகொண்டோம். ஒரு வேளை மட்டும் எடுத்த நாள்களின் கணக்கு பயனற்றுப் போயிற்று.

அன்றிலிருந்து, கணினியின் நேர வடிவத்தைத் தொடாமல், கண்ணுக்குத் தெரியும் கடிகாரத்தை மட்டும் மாற்றும் மென்பொருளையே தேடத் தொடங்கினேன். அப்படிக் கிடைத்ததுதான் டி-கிளாக். ஜப்பானில் தொடங்கி, பின்னர் வேறு சிலரால் தொடர்ந்து மேம்படுத்தப்பட்ட மிகச் சிறிய மென்பொருள் இது. நிறுவ வேண்டிய தேவையில்லை. ஜிப் (zip) எனப்படும் சுருக்கிய கோப்பைப் பிரித்து இயக்கினால் போதும். எழுத்தின் அளவு, நிறம், பின்னணி ஆகிய எல்லாவற்றையும் இதில் மாற்றலாம். பார்வை மங்கியிருந்த அப்பாவுக்காகக் கருப்புப் பின்னணியில் மஞ்சள் நிறத்தில், நேரத்தை ஒரு வரியிலும் கிழமையையும் தேதியையும் அடுத்த வரியிலுமாக அமைத்தேன்.

முதல் முயற்சியில் நிமிடம் நகரவே இல்லை. 10:07 என்று காட்டியது. கால் மணி நேரம் கழித்தும் அதே 07. காரணம் எளியது: இந்த மென்பொருளில் 'எம்' என்ற எழுத்து மாதத்தைக் குறிக்கும், நிமிடத்துக்கு 'என்' என்ற எழுத்தை இட வேண்டும். அது ஜூலை மாதம். விண்டோஸின் சொந்த அமைப்பிலோ பெரிய 'எம்' மாதம், சிறிய 'எம்' நிமிடம். இதை அறியாமல் பலர் மென்பொருளே பழுது என்று நீக்கிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

பதிவிறக்கம் செய்யும்போது உருவாக்கியவரின் பக்கத்துக்கே செல்லுங்கள். ஒருமுறை வேறொரு தளத்தில் பெரிய பச்சைப் பொத்தானை அழுத்தியதால், கடிகாரத்தோடு நான் கேட்காத உலாவிப் பட்டை ஒன்றும் வந்து அமர்ந்துகொண்டது.

2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது டாஸ்க்பாரையே புதிதாக எழுதிவிட்டதால், புதுக் கணினியில் டி-கிளாக் வேலை செய்யவில்லை. இப்போது விண்ட்ஹாக் என்ற இலவச மென்பொருளில், டாஸ்க்பார் கடிகாரத்துக்கென்றே உள்ள நீட்சியை, அதாவது கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரலைப் பயன்படுத்துகிறேன். அதன் மூல நிரல் நம் கண்முன்னே திறந்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. விண்டோஸ் பெரிய அளவில் புதுப்பிக்கப்படும்போது மட்டும், நீட்சியையும் புதுப்பிக்கும்வரை சில சமயம் பழைய கடிகாரமே திரும்பி வந்துவிடுகிறது.

*

ஐயா, உங்கள் அப்பாவின் குறிப்பைப் படித்ததும் என் அனுபவத்தையும் எழுதத் தோன்றியது. அமெரிக்கக் கிழக்குப் பகுதியிலுள்ள மருத்துவர்களின் ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்து அனுப்புவது என் தொழில். அவர்களுடைய காலை 9 மணிக்குள் கோப்புகள் சென்று சேர வேண்டும். நம் நேரத்தில் 10 மணி 30 நிமிடத்தைக் கழித்து அவர்களுடைய நேரத்தைக் காட்டுமாறு, குளிர்காலத்தில் ஒரு சிறு கடிகார மென்பொருளில் அமைத்துவைத்தேன். மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவார்கள் என்பது அந்த மென்பொருளுக்குத் தெரியாது, எனக்கும் நினைவில்லை. அடுத்த நாள் மாலை 6:30-க்கு என் திரை அங்கே காலை 8 என்று காட்டியது. உண்மையில் அங்கே 9 ஆகிவிட்டிருந்தது. அன்றைய கோப்புகள் ஒரு மணி நேரம் தாமதமாயின.

இப்போது விண்டோஸிலேயே உள்ள கூடுதல் கடிகார வசதியைப் பயன்படுத்துகிறேன். இரண்டு கடிகாரங்கள் வரை சேர்க்கலாம். மணிக்கணக்கைத் தராமல் நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுப்பதால், மார்ச் மாற்றத்தையும் நவம்பர் மாற்றத்தையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. கடிகாரத்தின் மீது சுட்டியைக் கொண்டுபோனால்தான் அது தெரியும் என்பது ஒரு குறையே.

*

ஐயா, உங்கள் இருவரின் குறிப்புகளையும் படித்த மற்றொரு வாசகராக, விநாடியைப் பற்றி ஒரு சொல். விண்டோஸ் 95-இன் தொடக்கச் சோதனைப் பதிப்புகளில் கடிகாரம் விநாடியையும் காட்டியது. 4 எம்பி நினைவகமே இருந்த அக்காலக் கணினிகளை அது மெதுவாக்கியதால் நீக்கிவிட்டார்கள். விண்டோஸ் 11-இல் 2023 முதல் டாஸ்க்பார் அமைப்பிலேயே விநாடியைக் காட்டும் தேர்வு வந்துவிட்டதால், இதற்காக மட்டும் தனி மென்பொருள் தேவையில்லை.

ஆனால் விநாடி தெரிவது வேறு, நேரம் சரியாக இருப்பது வேறு. காலை 10 மணிக்குக் குளிர்சாதன வகுப்புத் தட்கல் முன்பதிவு திறக்கும் நேரத்தை, என் திரையில் விநாடி விநாடியாக எண்ணிக்கொண்டு காத்திருந்தேன். 09:59:58 என்று பார்த்தபோது உண்மையில் 10 மணி கடந்து அரை நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வீட்டில் எல்லாரும் ஊருக்குப் போக வேண்டிய பயணத்துக்குக் காத்திருப்போர் பட்டியல்தான் கிடைத்தது. இணையத்திலிருந்து சரியான நேரத்தைப் பெற்றுத் தன்னைத் திருத்திக்கொள்ளும் கணினியின் நேர ஒத்திசைவு நின்றுபோயிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். இந்திய நேரத்தைப் பேணிவரும் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் இதற்கென்று நேர வழங்கியை (சர்வரை) நடத்துகிறது. அதை இணைய நேர அமைப்பில் சேர்த்திருக்கிறேன். முக்கியமான நாள்களில், தேதி நேர அமைப்பைத் திறந்து 'சின்க் நௌ' பொத்தானை ஒருமுறை அழுத்திய பிறகே கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

*

இருவருக்கும் நன்றி. ஒத்திசைவைப் பற்றிப் படித்ததும் அப்பாவின் கணினியைத் திறந்து பார்த்தேன். நான்கு விநாடிதான் பின்தங்கியிருந்தது, சரிசெய்துவிட்டேன். அவருடைய நோட்பேட் குறிப்பில் இப்போது 24 மணி நேர வடிவம் விழுகிறது: 07:30, 20:45. பேத்தியின் பெயரை மட்டும் விட மனம் வரவில்லை என்றார். அதை விண்ட்ஹாக் நீட்சியில், தேதிக்கு முன்னால் எழுதிவைத்திருக்கிறேன்.